நாலு நிமிடத்தில் ஒரு கதை: கதைப்பாட்டு எழுத ஒரு வழி

கதை சொல்லும் பாட்டு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை யோசித்து வைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் அதை வரிவரியாக வெட்டி மெட்டுக்குள் அடுக்குகிறார்கள். என் ஆரம்பகாலப் பாட்டுகளை நானும் அப்படித்தான் எழுதினேன். கதையில் எதுவும் விட்டுப்போகாது, ஆனால் இரண்டாவது சரணம் முடிவதற்குள் கேட்கிறவரின் கவனம் வேறெங்கோ போய்விடும். ஏன் என்று புரிய நாளானது. உரைநடையில் கதை படிப்பவர் தன் வேகத்தில் போகலாம், புரியாவிட்டால் திரும்பிப் போய்ப் படிக்கலாம். பாட்டில் வரி ஒருமுறை காதைத் தாண்டினால் தாண்டியதுதான், அதோடு மெட்டும் தாளமும் கேட்பவரின் பாதி மனதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும். மிஞ்சிய பாதியில்தான் உங்கள் கதை போய் உட்கார வேண்டும்.

நாலு நிமிடப் பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதையும் இடையிசையையும் கழித்துப் பாருங்கள், கதைக்கென்று மிஞ்சுவது நூறு, நூற்றைம்பது சொல். ஆகவே எதைச் சொல்லாமல் விடுவது, விட்டதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ளும்படி எப்படி விடுவது என்று முடிவு செய்வதுதான் கதைப்பாட்டில் பாதி வேலை. நான் எழுதிய ஒரு சின்னக் கதையை வைத்தே சொல்கிறேன்.

கதை இது. ஒரு அப்பா, ஒரு மகள். சின்ன வயதில் மகள் விளையாடிவிட்டு இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவாள், பயந்துகொண்டு வாசலில் நிற்பாள், அப்பா உள்ளேயிருந்தே "பூட்டவில்லை, தள்ளிப் பாரம்மா" என்பார். பெரியவளானதும் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள். பல வருடம் கழித்து அப்பாவுக்கு மறதி நோய் வந்து நினைவு தப்புகிறது, அவரைப் பார்த்துக்கொள்ள அவள் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான்.

முடிவை முதலில் பிடியுங்கள்

முதல் சரணத்திலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். கடைசியில் பாட்டு எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் முதல் வரி எதைப் பற்றி இருக்க வேண்டும் என்றே தெரியும். இந்தக் கதையில் நான் முதலில் வைத்த முடிவு அப்பாவின் மரணம்: மகள் திரும்பி வருகிறாள், கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே அப்பா இல்லை. அழவைக்கும், சந்தேகமில்லை. ஆனால் இது யார் வேண்டுமானாலும் யூகிக்கக்கூடிய முடிவு, தவிர அது கதவோடு சம்பந்தப்பட்ட முடிவே இல்லை. அப்பா எங்கே இறந்திருந்தாலும் கதை அதேதான்.

சரி, கதவை மட்டும் வைத்து யோசிப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் ஒன்று தோன்றியது. நினைவு தப்பிய பெரியவர்கள் இரவில் எழுந்து வெளியே போய்விடுவார்கள், சொந்த வீட்டிலேயே நின்றுகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் கதவைப் பூட்டித்தான் ஆக வேண்டும். ஆயுளெல்லாம் தனக்காகக் கதவைப் பூட்டாமல் வைத்திருந்த மனிதருக்கு எதிராக மகள் கதவைப் பூட்டுகிறாள், அதுவும் அன்பினால்தான். இது கதவுக்குள்ளிருந்தே வந்த முடிவு. இது கிடைத்ததும் மற்ற எல்லாம் தானாக இடம் பிடித்துக்கொண்டன.

உங்கள் கதையிலும் இதைச் செய்து பாருங்கள். முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் ஏதாவது ஒரு பொருளோ ஒரு செயலோ இருக்கிறதா என்று பாருங்கள். "அவன் தனிமையில் வாடினான்" என்று வந்தால் அது இன்னும் முடிவாகவில்லை, பாட முடியாது. "அவன் இரண்டு தட்டு எடுத்து வைத்தான்" என்று வந்தால் பாடலாம்.

யார் சொல்கிறார், யாரிடம், எப்போது

குறுந்தொகைப் பாட்டுகளுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கும், "தலைவி கூற்று", "தோழி கூற்று", "செவிலி கூற்று" என்று, பல பாட்டுகளில் எந்தச் சமயத்தில் யாரிடம் சொன்னது என்பதும் சேர்த்து. பெரும்பாலும் நாலு அடி முதல் எட்டு அடி வரைதான் ஒவ்வொரு பாட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழுக் கதை இருப்பது போலத் தோன்றும். அதற்குக் காரணம் அந்தக் குறிப்பில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. பேசுபவர் யார் என்று முடிவானதும் அவருக்குத் தெரியாதவை, அவர் மறைப்பவை, சொல்லத் தேவையில்லாதவை எல்லாம் தாமாகவே பாட்டிலிருந்து விலகிவிடுகின்றன. ஆகவே உங்கள் தாளின் மேலேயும் அப்படி ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: "மகள், பூட்டிய கதவின் முன்னால், நடுராத்திரியில், அப்பாவிடம்." இனி அந்தப் பெண்ணின் வாயில் வராத எந்த வரியும் பாட்டில் இருக்கக் கூடாது.

சொல்பவரை மாற்றிப் பார்ப்பதில் எவ்வளவு ஆதாயம் என்பதற்கு சூசன் வேகாவின் 'லூக்கா' (1987) நல்ல உதாரணம். வீட்டில் அடிவாங்கும் ஒரு குழந்தையைப் பற்றிய பாட்டு அது. வெளியாள் ஒருவர் பார்த்துப் பரிதாபப்படுவதாக எழுதியிருந்தால் அது அறிவுரைப் பாட்டாகியிருக்கும். அதில் பேசுவது அந்தச் சிறுவனே, பக்கத்தில் குடியிருப்பவரிடம், எதுவும் கேட்க வேண்டாம் என்று கெஞ்சியபடி. அவன் மறைக்க மறைக்கத்தான் நமக்குத் தெரிகிறது.

இறந்துபோகிறவரே கதை சொல்ல முடியுமா என்று ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். முடியும், காலத்தைக் கவனித்தால். மார்ட்டி ராபின்ஸ் 1959-இல் பாடிய 'எல் பாசோ'வில் ஒரு மாட்டிடையன் ஒரு பெண்ணுக்காகத் தான் செய்த கொலையையும் ஓடிப்போனதையும் நடந்து முடிந்ததாகச் சொல்கிறான், அந்தப் பெண்ணைத் தேடித் திரும்பி வரும் இடத்தில் மெல்ல நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறான், குண்டடிபட்டு அவள் கையில் சாவது இப்போது, நம் காதெதிரே நடக்கிறது. தமிழில் இந்த மாற்றத்தை வினைமுற்றில் ஒரே அசையில் செய்துவிடலாம், "ஓடினேன்" என்பது "ஓடுகிறேன்" ஆனால் போதும். ஆனால் ஒரு பாட்டில் ஒருமுறைதான். இரண்டாம் முறை செய்தால் கேட்பவருக்கு அது பிழையாகத்தான் படும்.

என் கதவுப் பாட்டை முதலில் படர்க்கையில், "அவள் நின்றாள், அவர் அழைத்தார்" என்று எழுதியிருந்தேன். "நான்" என்று மாற்றியதும் பதினாறு வரி பன்னிரண்டாகக் குறைந்தது. அவள் தன் பயத்தைத் தானே சொல்லும்போது விளக்கம் தேவைப்படவில்லை.

தாவுங்கள், நில்லுங்கள்

பழைய ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாடல்கள் பெரும்பாலும் வாய்வழியாக நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தவை. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882-இலிருந்து 1898 வரை அவற்றைத் தொகுத்து வெளியிட்டார், மொத்தம் 305. அவற்றைப் படித்த பிரான்சிஸ் கம்மியர் என்ற அறிஞர் 1907-இல் அவற்றின் நடையை இரண்டே சொல்லில் சொன்னார், தாவுதல், தங்குதல் என்று. ஒரு காட்சியில் நின்று நிதானமாகப் பேசிக்கொண்டே இருக்கும், பிறகு எந்த இணைப்பும் இல்லாமல் அடுத்த காட்சிக்குத் தாவிவிடும். நடுவில் என்ன நடந்தது என்று சொல்லவே சொல்லாது. இத்தனை காலம் மனிதர்கள் நினைவில் நின்ற பாட்டுகள் அவை, கேட்பவர் மனம் எதைத் தாங்கும் என்பதை அவற்றைவிட நன்றாக யார் சொல்லிவிட முடியும்?

ஆகவே உங்கள் கதையிலிருந்து மூன்று காட்சிகளை மட்டும் எடுங்கள். நாலாவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். காட்சி என்றால் ஒரு இடம், ஒரு நேரம், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயல். "வருடங்கள் உருண்டோடின", "காலம் மாறியது" என்று பாலம் கட்டும் வரிகளை அப்படியே அடித்துவிடுங்கள், அந்த வேலையை இடையிசை செய்துகொள்ளும். ஒரு வயலின் எட்டு மாத்திரை வாசித்தால் இருபது வருடம் போய்விட்டது என்று கேட்பவர் ஏற்றுக்கொள்வார், அடுத்த வரியில் வேறொரு வயதின் அடையாளம் மட்டும் இருந்தால் சரி.

இதில் பீட்டில்ஸ் குழுவின் 'எலினார் ரிக்பி'யை (1966) மிஞ்ச முடியாது. பாட்டு இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும். முதல் காட்சியில் கல்யாணம் முடிந்த தேவாலயத்தில் அரிசி பொறுக்கும் ஒருத்தி. இரண்டாவதில் யாரும் கேட்கப்போகாத பிரசங்கத்தை எழுதும், ராத்திரியில் காலுறை தைக்கும் பாதிரியார். மூன்றாவதில் அவள் இறந்துபோகிறாள், அவர் புதைத்துவிட்டுக் கை மண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்கிறார். ஒரே ஊரில் வாழ்ந்த இரண்டு தனி மனிதர்கள் சந்திக்கும் இடம் அவளுடைய சவக்குழி. பாட்டு எந்த இடத்திலும் அதைச் சொல்லவில்லை, மூன்று காட்சிகளையும் வரிசையாக வைத்ததிலேயே அது இருக்கிறது. இந்தப் பாட்டில் பெயருக்காகப் பட்ட பாடும் தெரிந்துகொள்ள வேண்டியது: பால் மெக்கார்ட்னி அந்தப் பாதிரியாருக்கு முதலில் தன் குடும்பப் பெயரையே வைத்திருந்தார், கேட்பவர்கள் தன் அப்பா என்று நினைத்துவிடுவார்களே என்று பிறகு தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி மாற்றினார். தாளத்துக்குப் பொருந்துகிற, வேறு யாரையும் நினைவூட்டாத பெயராகத் தேடுங்கள். பெயரே தேவையில்லை என்றால் வைக்காதீர்கள், அப்பாவும் மகளும் உள்ள பாட்டில் "அப்பா" என்பதே பெயர்தான்.

என் முதல் சரணம் இப்படி வந்தது:

புழுதிக் காலோட வாசலில் நின்னேன்
தெருவிளக் கெல்லாம் எரிஞ்சாச்சு
அடிதான் விழும்னு அழுகையை மென்னேன்
அப்பா குரல்தான் வந்தாச்சு

வயதைச் சொல்லவில்லை, "சின்னப் பெண்ணாக இருந்தபோது" என்று ஆரம்பிக்கவில்லை. புழுதிக் காலும் அடிக்குப் பயப்படுவதும் வயதைச் சொல்லிவிடுகின்றன. இரண்டாவது சரணத்தில் அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். சண்டை எதனால் என்று நான்கு வரி எழுதி வைத்திருந்தேன், காதல், படிப்பு, வேலை என்று மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் வீட்டில் நடந்த ஏதாவது ஒரு சண்டை நினைவிருக்கும், அதை அங்கே வைத்துக்கொள்வார்கள். மிஞ்சிய முக்கியமான வரி இது: "பின்னால் தாழ்ப்பாள் சத்தமே இல்லை." அப்பா எதுவும் சொல்லவில்லை, கூப்பிடவில்லை. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தவளுக்கு அது கேட்கவில்லை.

விட்டுவிடுவதில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பயமாக இருந்தால் பாபி ஜென்ட்ரியின் 'ஓட் டு பில்லி ஜோ'வைக் கேளுங்கள். 1967 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அமெரிக்கத் தரவரிசையில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. பாலத்திலிருந்து ஒரு பையன் குதித்துவிட்டான் என்ற செய்தியை உணவைப் பரிமாறிக்கொண்டே பேசுகிறார்கள், அதைக் கொடு, இதை எடு என்பதற்கு நடுவில். மகள் மட்டும் சாப்பிடவில்லை. அவளைப் போன்ற ஒருத்தியும் அந்தப் பையனும் சேர்ந்து பாலத்திலிருந்து எதையோ எறிந்ததைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். எதை எறிந்தார்கள், ஏன் குதித்தான், இரண்டையும் பாட்டு கடைசி வரை சொல்லாது. கேட்டவர்கள் அந்தப் பொருள் என்ன என்றுதான் இன்றுவரை கேட்கிறார்கள், ஆனால் பாட்டு அந்தச் சாப்பாட்டு மேசையின் அலட்சியத்தைப் பற்றியது என்று ஜென்ட்ரியே சொல்லியிருக்கிறார். நீங்கள் மறைப்பது கேட்பவரை இழுக்கும், காட்டுவதுதான் அவருக்கு வலிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, காட்ட வேண்டியதை மறைத்தால் பாட்டு புதிராகிவிடும், அவ்வளவுதான்.

பல்லவி

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எதில் குறை இருந்தாலும் பாட்டு தப்பித்துக்கொள்ளும், பல்லவியில் குறை இருந்தால் தப்பாது.

பல்லவி கதைக்கு எதிரி. கதை முன்னால் போக வேண்டும், பல்லவி பின்னால் இழுக்கிறது. மூன்றாவது முறை அதே வரிகள் வரும்போது கதை நின்றுவிட்டது போல இருக்கும். இதற்கு வழி, சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் பொருளை மட்டும் ஒவ்வொரு சரணத்தையும் கொண்டு மாற்றுவது. அதாவது பல்லவியில் கருத்துச் சொல்லாதீர்கள், ஒரு மனிதர் வாயில் வரும் சாதாரணப் பேச்சாக வையுங்கள். கருத்து மூன்று முறையும் அதே கருத்துதான். பேச்சு, சூழல் மாறினால் மாறிவிடும்.

பூட்டவில்லை கதவு, தள்ளிப் பாரம்மா
பொழுது எவ்வளவு ஆனாலும் வந்து சேரம்மா

முதல் முறை இது விளையாடிவிட்டு வந்த குழந்தைக்கு அப்பா தரும் சலுகை. இரண்டாம் முறை, அவள் வீட்டைவிட்டுப் போன பிறகு, இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை, தாழ்ப்பாள் விழாத அந்த மௌனத்துக்குள் அவளுக்குக் கேட்கிறது, மன்னிப்பாக. சொற்களில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மூன்றாம் முறை மட்டும் மாறுகிறது, பேசுபவரும் மாறுகிறார்:

பூட்டிருக்கு கதவு, தள்ளாதீங்கப்பா
பொழுது இன்னும் விடியலை, வந்து படுங்கப்பா

இரண்டு முறை ஒரே மாதிரி கேட்டுப் பழகிய காது, "பூட்" என்று ஆரம்பித்ததும் "பூட்டவில்லை"க்குத் தயாராகிவிடும். அங்கே "பூட்டிருக்கு" விழுந்தால் கதை முழுதும் அந்த ஒரு சொல்லில் திரும்பிவிடும். இதற்குத்தான் முதல் இரண்டு முறையும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி வைக்கச் சொல்கிறேன்.

இந்த வித்தையைப் பெருவாரியான மக்களுக்குக் காட்டியது ஹாரி சேப்பினின் 'கேட்ஸ் இன் த கிரேடில்' (1974). அவருடைய மனைவி சாண்டி எழுதிய ஒரு கவிதையிலிருந்து உருவானது. மகன் எப்போது வீட்டுக்கு வருவாய் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அப்பாவுக்கு நேரமில்லை. கடைசியில் அதே கேள்வியை அப்பா கேட்கிறார், மகனுக்கு நேரமில்லை. கேள்வி கேட்பவர் பதில் சொல்பவராக மாறுகிறார், சொற்கள் கிட்டத்தட்ட அதேதான்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. பனாமாவின் ரூபன் பிளேட்ஸ் எழுதிய 'பெத்ரோ நவாஹா' (1978) ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் சால்சா பாட்டு. ஒரு கத்திக்காரனும் தெருவில் நிற்கும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். வழியில் வந்த குடிகாரன் ஒருவன் அந்த உடல்களில் தடுக்கி, துப்பாக்கியையும் கத்தியையும் காசையும் எடுத்துக்கொண்டு பாடியபடி போகிறான். அவன் பாடுவதுதான் பல்லவி! அது வரை வராத பல்லவி, கதைக்குள்ளிருக்கும் ஒரு ஆள் வாயிலிருந்து பிறந்து அப்புறம் குழுவே பாடுகிறது, வாழ்க்கை எதிர்பாராததைத் தரும் என்று. எனக்கு இதைவிடப் பிடித்த பல்லவி கிடையாது.

பிரேசிலின் சிக்கோ புவார்க்கி எழுதிய 'கொன்ஸ்த்ருசாவ்' (1971) இன்னும் துணிச்சலானது. ஒரு கட்டடத் தொழிலாளியின் கடைசி நாள்: மனைவியை முத்தமிடுகிறான், சாரமேறுகிறான், சுவர் எழுப்புகிறான், விழுந்து சாகிறான். ஒவ்வொரு வரியும் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் விழும் சொல்லில் முடிகிறது. பிறகு அதே கதை, அதே வரிகள், கடைசிச் சொற்கள் மட்டும் செங்கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தது போல இடம் மாறித் திரும்ப வருகின்றன. அவன் சாவு முதலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல், அடுத்த முறை பொதுமக்களுக்கு இடைஞ்சல், கடைசியில் சனிக்கிழமைக்கு இடைஞ்சல். முதல் பாட்டிலேயே இதை முயற்சி செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கதையைச் சொற்களை மாற்றி இருமுறை சொல்லலாம் என்று தெரிந்திருந்தால் போதும், ஒருநாள் உதவும்.

பல்லவியே இல்லாமலும் எழுதலாம். 'ஓட் டு பில்லி ஜோ'வில் பல்லவி கிடையாது, ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியிலும் அந்தப் பாலத்தின் பெயர் வந்து விழும், அவ்வளவுதான். அது போதுமான நங்கூரம்.

வரியின் கடைசியில் வினை வந்து நிற்பது

இது தமிழில் எழுதுகிறவர்களுக்கு வரும் தொல்லை. நம் வாக்கியம் வினைமுற்றில் முடியும், கதை என்றால் எல்லாம் இறந்தகாலம், ஆகவே வரிக்கு வரி "வந்தாள், நின்றாள், பார்த்தாள், போனாள்" என்று முடியும். இயைபு தானாக அமைந்துவிட்டது என்று மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் எட்டாவது வரிக்குள் தூங்கவைத்துவிடும். சில வழிகள்: பெயர்ச்சொல்லை வரி முடிவுக்குக் கொண்டுவாருங்கள் ("வாசலில் அப்பா, கையில் விளக்கு"), வினையே இல்லாமல் வாக்கியத்தை விடுங்கள், பேச்சை அப்படியே வையுங்கள். ஒலி ஒற்றுமையை வரி முடிவில் தேடாமல் தொடக்கத்தில் தேடுங்கள், எதுகையும் மோனையும் இருக்கிற மொழியில் அதற்கு வழியா இல்லை? மேலே உள்ள பல்லவியில் பூவும் பொவும் மோனை, காது அதைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு பக்கம் தமிழ் நமக்கு இலவசமாக ஒன்றைத் தருகிறது. "என்றான்", "என்று கேட்டாள்" என்றெல்லாம் சொல்லாமலேயே யார் பேசுகிறார் என்று காட்டிவிடலாம், விளிச்சொல்லும் விகுதியும் போதும். "பாரம்மா" என்றால் அப்பா, "தள்ளாதீங்கப்பா" என்றால் மகள். சண்டைக் காட்சியில் அதே அப்பா "போடி" என்று ஒருமுறை சொன்னால் உறவின் வெப்பநிலையே தெரிந்துவிடும். வேறு மொழிகளில் ஒரு வரி செலவாகும் விஷயம் இங்கே ஒரு எழுத்தில் முடிகிறது. அதனால் உரையாடலை நிறைய வையுங்கள், ஆனால் இரண்டு பேருக்கு மேல் பேசவிடாதீர்கள்.

நடந்த கதையை எழுதினால்

உண்மைச் சம்பவத்தைப் பாட்டாக்கும்போது பொறுப்பு கூடுகிறது. கேட்பவர்கள் பாட்டைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள், செய்தியை அல்ல. 1975 நவம்பர் 10 அன்று வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கி அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு கனடாப் பாடகர் கார்டன் லைட்ஃபுட் எழுதிய பாட்டு அடுத்த ஆண்டே வெளியானது, ஆறு நிமிடத்துக்கு மேல், பல்லவி இல்லாமல். அதில் சரக்கறை மூடி உடைந்து நீர் புகுந்ததாக ஒரு வரி உண்டு, மூடியை மாலுமிகள் சரியாக அடைக்கவில்லையோ என்று நினைக்க வைக்கும் வரி. பல வருடம் கழித்து, மாலுமிகளின் கவனக்குறைவால் விபத்து நடக்கவில்லை என்ற ஆய்வு முடிவு ஒன்று வந்தபோது, 2010-இலிருந்து மேடைகளில் அவர் அந்த வரியை மாற்றிப் பாடினார். முப்பத்து நான்கு வருடம் பாடிய, உலகமே மனப்பாடமாக வைத்திருந்த வரி. இறந்தவர்களின் குடும்பங்கள் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தன என்பது அவருக்குத் தெரியும். 2023-இல் அவர் இறந்தபோது, அந்த மாலுமிகளுக்காக மணியடிக்கும் டெட்ராய்ட் தேவாலயம் அவருக்காக ஒரு மணி சேர்த்து முப்பது முறை அடித்தது.

கொலை வழக்கில் சிறையிலிருந்த குத்துச்சண்டை வீரர் ரூபின் கார்ட்டரைப் பற்றிய 'ஹரிக்கேன்' பாட்டை பாப் டிலன் 1975-இல் ஒலிப்பதிவு செய்தபோது, அதில் சாட்சிகளைப் பற்றி இருந்த வரிகள் வழக்குக்கு இடம் தரும் என்று வழக்கறிஞர்கள் சொன்னதால் மாற்றி எழுதி மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஆகவே ஒரு வழி சொல்கிறேன்: உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சம்பவமாக எழுதுங்கள், தெரியாத இடத்தில் ஒரு மனிதரின் எண்ணமாகவோ கேள்வியாகவோ எழுதுங்கள். உங்கள் குடும்பக் கதை என்றால் அதில் உயிரோடு இருப்பவரிடம் முதலில் பாடிக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் பெயரையும் உறவையும் மாற்றுங்கள், கதையின் எலும்பு அப்போதும் நிற்கும்.

பாடிப் பார்ப்பது

எழுதி முடித்ததும் கதையே தெரியாத ஒருவரிடம் ஒருமுறை பாடிக் காட்டுங்கள், தாளைக் கொடுக்காதீர்கள். பாடி முடித்ததும் "நல்லாயிருக்கா" என்று கேட்காமல், "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் தவறாகச் சொன்ன இடங்கள் உங்கள் எழுத்தில் மங்கலான இடங்கள். நீங்கள் எழுதாததை அவராகச் சேர்த்துச் சொன்னால் அந்த இடத்தைத் தொடவே தொடாதீர்கள். என் பாட்டைக் கேட்ட தோழி, அப்பாவும் மகளும் நடுவில் பல வருடம் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் அப்பா தினமும் ராத்திரி தாழ்ப்பாள் போடாமலே தூங்கியிருப்பார் என்றாள். நான் அதை எழுதவில்லை.

அப்புறம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். மூன்றாவது சரணத்தில் நடுராத்திரி அப்பா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நாற்பது வருடம் இருந்த வீட்டிலேயே நின்று "வீட்டுக்குப் போறேன்" என்கிறார், அதோடு சரணத்தை முடித்துப் பல்லவிக்குப் போயிருந்தேன். "பூட்டிட்டாளே, அந்தச் சாவியை எங்கே வெச்சிருக்கா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தச் சரணத்துக்கு இன்னொரு வரி சேர்த்தேன், இப்போது பல்லவிக்கு முன்னால் அதுதான் வருகிறது:

சாவி என் தலையணைக்கு அடியில், தூக்கம்தான் இல்லை